பளபளப்புக்காகக் காரைத் தேய்த்தே தீர்க்காதீர்கள்

போன வாரம் கறுப்பு நிறக் கார் ஒன்று எங்கள் பட்டறைக்கு வந்தது. வாங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பானெட்டின் விளிம்பிலும் கதவுகளின் மடிப்புக் கோட்டிலும் வெள்ளை பூத்தாற்போல் மங்கிக் கிடந்தது. “சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பாலிஷ் போட்டுத்தான் சார் எடுக்கிறேன். அப்படியும் பளபளப்பு நிற்கவில்லை. நல்ல பாலிஷாகப் பார்த்துப் போட்டுக் கொடுங்கள்” என்றார் உரிமையாளர். பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன். கூரையில் 115 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர்). பானெட் விளிம்பில் 70-க்கும் கீழே. அந்த இடங்களில் நிறத்தின் மேல் இருக்கும் நிறமற்ற காப்புப் படலமான கிளியர் கோட் போய்விட்டது. இனி எந்தப் பாலிஷும் உதவாது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். அக்கறை இல்லாத மனிதராக இருந்திருந்தால் அந்தக் கார் தப்பித்திருக்கும் என்று நினைக்கும்போதுதான் ஆற்றாமை அதிகமாகிறது.

பாலிஷும் வாக்ஸும் ஒன்றுதான், இரண்டும் காருக்குப் பூசும் ஏதோ ஒரு பளபளப்புத் தைலம் என்ற நம்பிக்கையை எத்தனை பேரிடம் மறுத்தாலும் தீர்வதில்லை. பாலிஷ் என்பது பூச்சே அல்ல. அதில் இருப்பது மிக நுண்ணிய தேய்ப்புப் பொடி. கீறலின் மேட்டுப் பகுதியைத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. சமமான பரப்பில் ஒளி சிதறாமல் திரும்புகிறது. அதுதான் நீங்கள் பார்க்கும் பளபளப்பு. அதாவது, ஒவ்வொரு பாலிஷும் பெயின்ட்டிலிருந்து கொஞ்சத்தை எடுத்துவிட்டுத்தான் போகிறது. வாக்ஸ் எதையும் எடுப்பதில்லை. மேலே படிந்து காக்கிறது, நிறத்துக்குக் கொஞ்சம் ஆழம் சேர்க்கிறது, சில வாரங்களில் தானாகவே தேய்ந்து போகிறது. முன்னதை அரிதாகச் செய்ய வேண்டும், பின்னதை அடிக்கடி செய்ய வேண்டும். நம் ஊரில் நடப்பது நேர் தலைகீழ்.

எவ்வளவு எடுத்தால் ஆபத்து? பெரும்பாலான கார்களில் கம்பெனி பெயின்ட்டின் மொத்தக் கனம் சுமார் 100 முதல் 140 மைக்ரான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் ஏறக்குறைய 35 முதல் 50 மைக்ரான்தான். நீங்கள் ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளின் பாதிக் கனம். வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காப்பது இந்தப் படலமே. மென்மையான பாலிஷ் ஓரிரு மைக்ரானை எடுக்கும். ‘ரப்பிங்’ என்ற பெயரில் கரடான தேய்ப்புப் பசையான காம்பவுண்டைக் கம்பளி பேடில் வைத்து, வேகச் சுழல் இயந்திரத்தால் அழுத்தினால் அதைப் போலப் பல மடங்கு போகும். விளிம்புகளில் பெயின்ட் இயல்பிலேயே மெலிது. அனுபவமுள்ள கைகள் முதலில் அங்கே டேப் ஒட்டிவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொடும். டேப் ஒட்டாமல் ஒருவர் வேலையைத் தொடங்கினால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். (இந்த அளவுக் கருவி காட்டுவது மொத்தக் கனத்தை மட்டுமே. மீண்டும் பெயின்ட் அடித்த காரில் 250 காட்டும். அதை நம்பி ஆழமாகத் தேய்த்துவிடக் கூடாது.)

எதோடு எதைச் சேர்ப்பது என்பதைக் காரின் நிலைதான் முடிவு செய்யும். புதிய காருக்குப் பெரும்பாலும் பாலிஷ் தேவையே இல்லை. நன்றாகக் கழுவி, சொரசொரப்பு இருந்தால் மட்டும் ஒட்டிய துகள்களை எடுக்கும் களிமண் போன்ற க்ளே பார் ஓட்டி, வாக்ஸைப் போல மேலே படிந்து காக்கும் செயற்கைப் பூச்சான சீலன்ட் பூசினால் போதும். சில மாதங்கள் தாங்கும். மூன்று நான்கு ஆண்டு ஓடிய வெள்ளை, வெள்ளி நிறக் கார்களில் கீறல் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. மென்மையான பாலிஷ் ஒரு முறை, அதன்மேல் சீலன்ட். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்புக்குத்தான் கார்னோபா வாக்ஸ் தன் அழகைக் காட்டும். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. உருகுநிலை 80 டிகிரி செல்சியஸுக்கும் மேல். ஆனால் டப்பாவில் வருவது எண்ணெயும் கரைப்பானும் கலந்த கலவை என்பதால், சித்திரை வெயிலில் தினமும் நிற்கும் காரில் ஓரிரு மாதம் நின்றாலே பெரிது. அதனால் அடர்நிறக் கார்களுக்கு நான் சொல்வது: மென்பாலிஷ், சீலன்ட், மறுநாள் கார்னோபா.

இந்த வரிசை மாறக் கூடாது. சீலன்ட் பெயின்ட்டைப் பற்றிக்கொள்ள வேண்டும். அடியில் வாக்ஸோ பாலிஷின் எண்ணெயோ இருந்தால் பற்றாது. பாலிஷ் முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பூசுங்கள். துடைக்கும்போதே உண்மையும் வெளியாகிவிடும்: கீறலை நீக்கினார்களா, எண்ணெயாலும் கீறலை நிரப்பும் பொருளாலும் மறைத்தார்களா என்று. டெலிவரி எடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்து, மூன்றாவது கழுவலில் பழைய சுழல் கீறல்கள் திரும்பி வருவதெல்லாம் இந்த மறைப்பு வேலைதான். ‘க்ளீனர் வாக்ஸ்’ என்று விற்பதிலும் தேய்ப்புப் பொடி உண்டு. புதிதாகப் பூசிய சீலன்ட்டின்மேல் அதைப் போட்டால், கொடுத்த காசை நீங்களே துடைத்து எறிகிறீர்கள்.

தண்ணீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்து மகிழ்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் போர்வெல் தண்ணீரில் அந்த முத்துகள் வெயிலில் காய்ந்தால், ஒவ்வொன்றும் ஒரு சுண்ணாம்பு வட்டத்தை விட்டுச் செல்லும். கழுவியவுடன் துடையுங்கள், காய விடாதீர்கள். நிழலில் கழுவுங்கள். பானெட்டில் உள்ளங்கையை வைக்க முடியாத சூட்டில் பாலிஷோ வாக்ஸோ தொடவே தொடாதீர்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பு வேண்டாம், அது வாக்ஸைக் கரைத்துவிடும். மண்ணெண்ணெய், டீசல் போட்டுத் துடைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். டாஷ்போர்டுக்கான சிலிக்கான் ஸ்பிரேயை வெளிப்புறத்தில் அடிக்காதீர்கள். பின்னால் அந்தப் பகுதிக்குப் பெயின்ட் அடிக்கும்போது அது குழி குழியாக விலகி நின்று பெயின்டரை அழ வைக்கும். பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் காருக்குப் பாலிஷ் என்ற பேச்சே கூடாது.

எந்தப் பாலிஷாக இருந்தாலும், முதலில் ஓரடிச் சதுரத்தில் இருப்பதிலேயே மென்மையானதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் சரியானால் அதற்கு மேல் போக வேண்டியதில்லை. நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலை முழுதாக எடுத்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். அது இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆயுத பூஜைக்கு முன்பு எங்கள் பட்டறையில் கூட்டம் நிற்க இடம் இருக்காது. தயவுசெய்து அந்த வாரத்தில் ‘சீக்கிரம் ஒரு பாலிஷ்’ என்று கேட்காதீர்கள், வாக்ஸ் மட்டும் கேளுங்கள். பூஜை முடிந்த மறுநாளே சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத் துணியால் ஒற்றி ஊற வைத்து எடுத்துவிடுங்கள். காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டாதீர்கள்.