மூடுபனியில் காது சொல்லும் பொய்

மார்கழி விடியலில் திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் போகும் சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும்: சம்பா வயல்கள் மேல் வெள்ளை வேட்டியை விரித்ததுபோல் பனி கிடக்கும், எதிரில் இருக்கும் மதகு கண்ணில் படாது. பருவமழையில் ஊறிய மண், மேகமில்லாத இரவு, காற்றில்லாத விடியல். இவை கூடினால் தரை தன் சூட்டை வானத்துக்கு இறைத்துவிட்டுக் குளிர்கிறது. அதை ஒட்டிய ஈரக்காற்றும் குளிர்ந்து, நீராவி நுண்துளிகளாகிறது. பார்வை 1,000 மீட்டருக்கும் குறைந்துவிட்டால் வானிலைக் கணக்கில் அது மூடுபனி. குளிர்ந்த கடல்நீர்மேல் வெதுவெதுப்பான காற்று வரும்போது கிளம்பும் கடற்பனி வேறு வகை. கலிஃபோர்னியா கரையில் அது சாதாரணம். நம் வங்கக்கடலோ வெதுவெதுப்பானது.

சாலையில் பனி அடர்ந்தால் வண்டியை ஓரங்கட்டலாம். சிறு விமானத்தில் அதற்கு வழியில்லை.

1999 ஜூலை 16 இரவு, அமெரிக்க அதிபராக இருந்த கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய சிறு விமானம் அமெரிக்காவின் மார்த்தாஸ் வைன்யார்ட் தீவருகே கடலில் விழுந்தது. அவர், மனைவி, மனைவியின் அக்கா மூவரும் இறந்தார்கள். அன்று இருந்தது மூடுபனிகூட இல்லை, மங்கல்தான். ஆனால் இருட்டில் கடலும் வானும் ஒன்றாகிவிட்டன. விமானத்தில் கோளாறு எதையும் விசாரணை காணவில்லை. ஓட்டியவருக்குத் திசையுணர்வு குழம்பியதே காரணம் என்றது.

குழப்பம் தொடங்குவது காதில். ஒரு டம்ளர் தண்ணீரில் துளசி இலையைப் போட்டு, கையில் ஏந்தி, நின்ற இடத்திலேயே ஒரே சீராகச் சுற்றுங்கள். முதலில் டம்ளர் சுழலும், இலை பின்தங்கும். சற்று நேரத்தில் தண்ணீரும் டம்ளரின் வேகத்துக்கு வந்துவிடும். டம்ளருக்குள் பார்த்தால் எதுவும் நகராததுபோல் இருக்கும். சட்டென்று நில்லுங்கள்: இலை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். நம் உட்செவியின் அரைவட்டக் குழாய்களிலும் இதே கதைதான். திரவம் பின்தங்கும்போது மட்டுமே திருப்பம் உறைக்கிறது. திருப்பம் சீராக நீடித்தால், சில விநாடிகளில் நேராகப் போவதாகவே தோன்றும். மிக மெல்லச் சாய்ந்தால் தொடக்கமும் தெரியாது. சீரான திருப்பத்தில், சாய்ந்த விமானத்துக்குள் இருக்கும் டம்ளர் தண்ணீர்கூடச் சிந்தாது; உடம்பு எதைக்கொண்டு கண்டுபிடிக்கும்?

சாய்ந்த இறக்கையின் தூக்குவிசை பக்கவாட்டிலும் இழுப்பதால் மூக்கு தாழ்கிறது, வேகம் கூடுகிறது. உயரம் குறைவதைப் பார்த்த விமானி, நேராகத்தான் இருக்கிறோம் என்று நம்பி, மூக்கைத் தூக்கக் கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னிழுக்கிறார். சாய்வை நிமிர்த்தாமல் இழுத்தால் வட்டம் இறுகும், இறக்கம் கூடும். பாவம், தப்பிக்கச் செய்த செயலே அவரைக் கீழே தள்ளுகிறது.

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954இல், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளிப்பார்வையை மறைத்து விமானம் ஓட்டவைத்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில் எல்லோரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள்.

இதற்கு மாற்று, நம் தெருப் பிள்ளைகள் ஆடும் பம்பரத்தின் இயல்பில் இருக்கிறது. வேகமாகச் சுழலும் பம்பரம் தன் அச்சை எளிதில் விட்டுக்கொடுக்காது. செயற்கை அடிவானம் என்ற கருவிக்குள் சுழலும் சக்கரமும் அப்படித்தான்: விமானம் எப்படிச் சாய்ந்தாலும் அது தன் நிலையில் நின்று, வெளியே காணாமல்போன அடிவானக் கோட்டைக் கண்ணாடிக்குள் காட்டுகிறது. அந்த 20 பேருக்கும் கருவிகளைப் பார்த்து வந்த வழியே திரும்பும் எளிய முறையைச் சொல்லிக்கொடுத்து மீண்டும் பறக்கவிட்டபோது, கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பினார்கள்.