பத்துக்குப் பத்து அறையும் ஒரு வாளி பெயின்ட்டும்

பெயின்ட் கடையின் ஷேடு கார்டில், அதாவது நிற மாதிரி அட்டையில், பார்க்கும்போது மென்மையான இளம் ரோஸ். நான்கு சுவரிலும் அடித்து முடித்ததும் அறை பஞ்சுமிட்டாய் நிறத்தில் நிற்கும். கலர் கலந்ததில் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகுமுன் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அந்த ரோஸ் தன்மேல் விழும் சிவப்பு ஒளியில் 80 சதவீதத்தையும், பச்சை ஒளியில் 60 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கார்டில் ஒளி ஒரே தடவை பட்டுக் கண்ணுக்கு வந்துவிடுகிறது. அறைக்குள் அப்படி இல்லை. ஒரு சுவரில் பட்டது எதிர்ச்சுவருக்குப் போகிறது, அங்கிருந்து பக்கத்துச் சுவருக்கு. மூன்று தடவை பட்ட ஒளியில் சிவப்பு 51 சதவீதமும் பச்சை 22 சதவீதமும்தான் மிஞ்சும். ஒரு தடவை பட்டது, மூன்று தடவை பட்டது எல்லாம் கலந்துதான் கண்ணுக்கு வருகிறது. அதனால்தான் கார்டைவிட அறை அழுத்தமான நிறமாகத் தெரிகிறது.

சின்னப் படுக்கையறையில் இது இன்னும் கூடுதல். பத்துக்குப் பத்து அறையில், பத்தடி உயரத்துக்கு, சுவர் மட்டும் 400 சதுர அடி. தரையும் சீலிங்கும் சேர்ந்தே 200தான். இருபதுக்கு முப்பது ஹாலில் சுவர் 1,000 சதுர அடி, தரையும் சீலிங்கும் 1,200. அதாவது அறை சிறுக்கச் சிறுக்கச் சுவரின் ஆட்சி ஓங்குகிறது. கார்டில் பிடித்த நிறத்துக்கு ஒன்றிரண்டு படி வெளிறிய நிறத்தை எடுங்கள் என்று அனுபவமுள்ள பெயின்டர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

இதே குதியாட்டம் வெளிச்சத்துக்கும் பொருந்தும். எல்லாப் பரப்புகளும் ஒளியில் பாதியைத் திருப்பி அனுப்பினால், பல்பு தருவது ஒன்று, முதல் திருப்பத்தில் அரை, அடுத்ததில் கால் என்று கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் இரண்டு மடங்கு வரும். 80 சதவீதம் திருப்பினால்? ஐந்து மடங்கு. பீரோ, ஜன்னல், திரைச்சீலை எல்லாம் ஒளியைத் தின்றுவிடுவதால் நிஜ அறையில் இவ்வளவு கிடைக்காது. ஆனாலும் பல்பை மாற்றாமலே வெளிச்சத்தைக் கூட்ட, வெளிறிய நிறம் அடிப்பதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

மலிவு என்றதும் சுண்ணாம்பும், சுண்ணாம்புத்தூள் கலந்த பூச்சான டிஸ்டெம்பரும் ஞாபகத்துக்கு வரும். சுண்ணாம்பு அடித்த கையோடு பார்த்தால் பழைய சுவர் அப்படியே தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்லும் எண் ஒளிவிலகல் எண். சுண்ணாம்புத் துகளுக்கு அது சுமார் 1.6, தண்ணீருக்கு 1.33. வித்தியாசம் குறைவு என்பதால் ஈரத்தில் ஒளி பெரிதாகச் சிதறாமல் ஊடுருவிப் போய்விடுகிறது. தண்ணீர் போய் அந்த இடத்தில் காற்று புகுந்ததும் வித்தியாசம் கூடுகிறது (காற்றுக்கு 1), ஒளி நாலாபக்கமும் சிதறுகிறது, சுவர் வெளுக்கிறது. மழைக்காலத்தில் ஓதம் ஏறிய இடம் கறுத்துத் தெரிவதும் இதே கதை தலைகீழாக. விலை கூடிய எமல்ஷன் பெயின்ட்டில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளுக்கு இந்த எண் 2.7 வரை போகும் என்பதால், ஈரமாக இருந்தாலும் காய்ந்தாலும் அது நன்றாகவே மறைக்கும். டிஸ்டெம்பர் வாங்குகிறவர்கள் வாளியில் தெரியும் நிறத்தை நம்பக்கூடாது. ஒரு மூலையில் அடித்து, முழுக்கக் காயவிட்டுப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

கையில் காசு குறைவு, எங்கே முதலில் அடிப்பது என்று கேட்டால் சீலிங் என்பேன். 100 சதுர அடிதான். ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட சோதனைகளில், சீலிங் வெளிறியிருந்தால் அறை உயரமாகத் தெரிந்தது. சுவர் வெளிறியிருந்தாலும் அப்படியே. சீலிங்குக்கும் சுவருக்கும் நிற வித்தியாசம் இருந்தால்தான் உயரம் தெரியும் என்ற பேச்சுக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. தரையின் நிறம் உயரத்தைப் பொறுத்தவரை எதையும் மாற்றவில்லை.

சரி, அலங்காரத்துக்கு வருவோம். செங்குத்துக் கோடு போட்டால் சுவர் உயரமாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டினார்: ஒரு சதுரத்தைக் கிடைக்கோடுகளால் நிரப்பினால் உயரமாகவும், செங்குத்துக் கோடுகளால் நிரப்பினால் அகலமாகவும் தெரியும். ஒரே நிறம் பூசிய சுவரைவிட வடிவங்கள் அச்சிட்ட காகிதம் ஒட்டிய சுவர் பெரிதாகத் தெரிவதையும் அவர் சொல்லியிருக்கிறார். நிரம்பிய இடத்தைக் கண் நீளமாக அளக்கிறது. காகிதத்தில் தெரிவது மூன்று பரிமாண அறையில் அதே அளவுக்குத் தெரியுமா என்பது வேறு விஷயம். ஆனால் சின்ன அறையில் வடிவமே கூடாது என்று பயப்பட வேண்டியதில்லை.

வடிவத்தால் இன்னொரு லாபமும் உண்டு. பட்டி பார்க்கக் காசில்லாத மேடுபள்ளச் சுவரில் பக்கவாட்டு வெளிச்சம் விழுந்தால் ஒவ்வொரு குழியும் நிழல் காட்டும். ஒரே நிறத்தில், அதுவும் பளபளப்பாக அடித்தால் இன்னும் மோசம். சுவரில் இருக்கும் நிறத்தைவிட அரைப் படி அழுத்தமான நிறத்தைத் தண்ணீராகக் கலக்கி, ஸ்பாஞ்சைப் பிழிந்துவிட்டு ஒற்றி ஒற்றி எடுத்தால் அந்த மெல்லிய நிழல்கள் திட்டுகளுக்குள் தொலைந்துபோகும். ஒத்த அளவுள்ள திட்டுகளுக்கு நடுவே மங்கலான நிழலைப் பிரித்துப் பார்க்கக் கண் திணறுகிறது. ஸ்பாஞ்சை ஒவ்வொரு ஒற்றலுக்கும் கொஞ்சம் திருப்ப வேண்டும்; இல்லையென்றால் முத்திரை குத்தியது போலாகிவிடும்.

கோடு போடுகிறவர்களுக்குப் பெரிய தலைவலி, மாஸ்கிங் டேப்புக்கு (நிறம் படக்கூடாத இடத்தை மறைக்க ஒட்டும் டேப்) அடியில் பெயின்ட் கசிவது. சுவரின் நுண்ணிய பள்ளங்களும் டேப்பும் சேர்ந்து மெல்லிய குழாய்களாகி, நுண்புழை விசையால் பெயின்ட்டை உள்ளே இழுக்கின்றன. டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் முதலில் சுவரின் பழைய நிறத்தையே ஒரு கோட் இழுத்துவிடுங்கள். கசிவது அந்த நிறமாகவே இருக்கும், குழாய்களும் அடைபட்டுவிடும். அது காய்ந்த பிறகு புது நிறத்தை அடித்து, அந்தக் கடைசி கோட் ஈரமாக இருக்கும்போதே டேப்பை மெதுவாகச் சாய்த்து உரிக்க வேண்டும். முழுக்கக் காயவிட்டால் எமல்ஷனின் துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து டேப்பையும் சுவரையும் சேர்த்து ஒரே தோலாகிவிடும்; உரிக்கும்போது கோட்டின் ஓரமும் பிய்ந்துகொண்டு வரும்.