செம்மண்ணில் தங்கம் தேட எந்த டிடெக்டர்?

மலேசியாவின் ரவூப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: கையிலிருக்கும் மெட்டல் டிடெக்டர் வீட்டு வாசலில் மோதிரத்தைச் சரியாகக் காட்டுகிறது, பால்மரக்காட்டுச் செம்மண்ணில் வைத்தால் ஓயாமல் கத்துகிறது. பல்ஸ் வகைக்கு மாறினால் தீருமா?

பாதி தீரும். எந்தப் பாதி என்பதை மண்தான் முடிவு செய்கிறது.

அவரிடம் இருப்பது வி.எல்.எஃப்., அதாவது மிகத் தாழ்ந்த அதிர்வெண் வகை. சுருளில் மின்னோட்டம் இடைவிடாமல் அலைபாய்கிறது. தங்கத்துக்கென்றே செய்த கருவிகளில் இந்த அலைவு பெரும்பாலும் 18 முதல் 71 கிலோஹெர்ட்ஸ் வரை இருக்கும். காந்தப்புலம் மாறும்போது உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழும். அதன் எதிர்ப்புலத்தை இன்னொரு சுருள் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த ஃபாரடே விதிதான். சிக்கல் என்னவென்றால், இந்தக் கருவி அனுப்பும் வேளையிலேயே கேட்கிறது. மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடும் அதே வேளையில் பதில் சொல்லும், தங்கத்தைவிடப் பல மடங்கு உரக்க. ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ அந்தக் குரலைக் கழித்துவிடும் என்றாலும், நாலடி தள்ளி மண்ணின் தன்மை மாறினால் கழித்த கணக்கும் தப்பிவிடும்.

பல்ஸ் கருவி மின்னோட்டத்தைச் சட்டென்று வெட்டிவிட்டு, ஏறத்தாழ 10 மைக்ரோ விநாடி பொறுத்துக் கேட்கிறது. மண்ணின் காந்த இரும்பு ஆக்சைடான மேக்னடைட்டின் பதிலில் பெரும்பகுதி புலம் நின்றதும் நின்றுவிடும். உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் இன்னும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே மிஞ்சுவது உலோகத்தின் குரல் மட்டுமே என்று நினைப்போம். அங்கேதான் மேக்ஹமைட் குறுக்கே வருகிறது.

இது இன்னொரு இரும்பு ஆக்சைடு. மண்ணில் சுமார் 20 நானோமீட்டர் அளவுத் துகள்களாகவும் கலந்திருக்கும். புலம் நின்றதும் ஒவ்வொரு துகளும் தன் காந்தத் திசையை விட்டுத் திரும்ப ஒரு காலம் எடுத்துக்கொள்கிறது. துகள் இம்மியளவு பெரிதானால் அந்தக் காலம் பல மடங்கு நீளும். மண்ணில் எல்லா அளவும் கலந்து கிடப்பதால், சில உடனே திரும்பும், சில மெதுவாக, சில மணிக்கணக்கில். எல்லாம் சேர்ந்து சுருளில் எழுப்பும் சமிக்ஞை ஓர் ஒழுங்கோடு தேய்கிறது: நேரம் இரட்டித்தால் அளவு பாதியாகும். 10-வது மைக்ரோ விநாடியில் 100 என்றால் 20-இல் 50, 40-இல் 25, 80-இல் 12.5.

தங்கம் அப்படித் தேய்வதில்லை. அதற்குச் சம இடைவெளிதோறும் பாதி. 10-இல் 100, 20-இல் 50 என்று தொடங்கும் ஒரு கட்டி 30-இல் 25, 40-இல் 12.5, 80-க்கு வருவதற்குள் 1-க்கும் கீழே போய்விடும்.

இந்த வித்தியாசத்தை வைத்துக் கருவி செய்வது எளிய கழித்தல்தான். 20-இல் கேட்டதை இரண்டால் பெருக்கி, 10-இல் கேட்டதிலிருந்து கழிக்கிறது. மண்ணுக்கு 100 − 100, சுழியம். மண்ணில் மேக்ஹமைட் கூடினாலும் குறைந்தாலும் விடை சுழியமே. அளவு மாறும், தேயும் விதம் மாறாது. விரைந்து தேயும் சின்னக் கட்டி 10-இல் 100, 20-இல் 13.5 என்று வைத்துக்கொள்ளுங்கள்: மிச்சம் 73. மெதுவாகத் தேயும் பெரிய கட்டி 100, 82 என்றால் விடை −64. சில கருவிகள் சின்னதற்கு ஒரு மாதிரியும் பெரியதற்கு நேர்மாறாகவும் சுருதி மாற்றுவது இந்தக் குறியால்தான்.

இப்போது முன்பு சொன்ன கட்டியைப் பாருங்கள்: 100, 50. கழித்தால் அதுவும் சுழியம்! மண்ணோடு மண்ணாகத் தங்கமும் மறைகிறது. இதை மீட்க 20, 40 என்று இன்னொரு சோடி நேரத்தில் கேட்கிறார்கள். அங்கே மண் 50, 25. கழித்தால் மறுபடி சுழியம். தங்கமோ 50, 12.5, மிச்சம் 25. நல்ல பல்ஸ் கருவியின் விலையில் ஒரு பங்கு இந்த இரண்டாவது காதுக்குத்தான், அது நியாயமான விலை என்பேன்.

ஆனால் ஊசிமுனைத் தங்கத்தின் சுழல் மின்னோட்டம் 10 மைக்ரோ விநாடிக்குள் செத்துவிடும். பல்ஸ் கேட்கத் தொடங்கும்போது அங்கே ஒன்றும் இருக்காது. அதற்கு 45 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட வி.எல்.எஃப்., சின்னச் சுருள், மண்ணை உரசுகிற தூரம். அதைவிடப் பொடியான தூளுக்கு எந்த டிடெக்டரும் உதவாது. டூலாங் என்ற மரத்தட்டில் அரித்துத்தான் எடுக்க வேண்டும். 1889-இல் தொடங்கி 1961 வரை ஓடிய ரவூப் சுரங்கத்தின் குவார்ட்ஸ் பாறைத் தங்கத்திலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் நிறைய.

மண் சிவந்திருப்பதாலேயே பயப்படவும் வேண்டாம். சிவப்பைத் தரும் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு காந்தத்தில் வலுவற்றது. குவாந்தான் பகுதியில் பசால்ட் எரிமலைப் பாறையிலிருந்து வந்த மண் வேறு, அதில் காந்தத் தாது மிகுதி. அங்கே பல்ஸ் இல்லாமல் கஷ்டம். தோட்டங்களில் இன்னொன்றும் உண்டு: முன்பு மறுநடவின்போது மரங்களைக் குவித்து எரித்த இடங்கள். இலைதழையோடு சேர்ந்து சூடேறிய மண்ணில் கோதைட் என்ற இரும்புத் தாது மேக்ஹமைட்டாக மாறியிருக்கும். அந்தத் திட்டில் வி.எல்.எஃப். கத்தினால் கருவியைக் குறை சொல்லாதீர்கள்.

தொழிலாளர் குடியிருந்த பழைய லயத்து ஓரங்களில் நிலைமை தலைகீழ். ரப்பர் பால் பிடிக்கும் மங்கு தாங்கிய கம்பி, தகரத் துண்டு, ஆணி, போத்தல் மூடி எல்லாவற்றுக்கும் பல்ஸ் கருவி பதில் சொல்லும். இரும்பைப் பிரித்தறிவதில் அது மட்டம். அங்கே வி.எல்.எஃப். போதும்.

எதை வைத்திருந்தாலும் சென்சிடிவிட்டியை முழுக்க ஏற்றாதீர்கள். கெட்ட மண்ணில் குறைத்தால்தான் ஆழம் கிடைக்கும். உலோகம் இல்லாத இடத்தில் சுருளை மேலும் கீழும் ஆட்டி, இரைச்சல் அடங்கும்வரை பேலன்ஸ் செய்யுங்கள். கருவி தானே மண்ணைக் கணித்துப் பேலன்ஸ் செய்துகொள்ளும் ஆட்டோ டிராக்கிங்கில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வருடினால் கருவி தங்கத்தையே மண்ணாகக் கருதிக் கழித்துவிடக்கூடும். சத்தம் கேட்டதும் டிராக்கிங்கை நிறுத்துங்கள். பிற்பகல் இடியும் மின்கம்பியும் பல்ஸைக் கெடுக்கும், காலையில் போவது நல்லது.

ஆழத்தில் கிடக்கும் சின்னக் கட்டியின் சமிக்ஞை தூரத்தின் ஆறாம் அடுக்கில் குறைகிறது. இரட்டிப்பு ஆழத்துக்கு 64 மடங்கு உணர்திறன் வேண்டும். ஆகவே ஆன்டெனா நீட்டிக்கொண்டு ‘1 கிலோமீட்டர் தொலைவில் தங்கம்’ என்று விற்கப்படும் கருவியும், எலுமிச்சம்பழம் உருட்டிப் புதையல் காட்டும் பூசையும் எனக்கு ஒன்றுதான். அத்தகைய ஆன்டெனாக் கைப்பிடியை வெடிகுண்டு கண்டறியும் கருவி என்று விற்ற ஒருவருக்கு 2013-இல் லண்டன் நீதிமன்றம் 10 ஆண்டுச் சிறை விதித்தது. இந்த மோசடிக்குப் போகும் பணத்தில் ஒரு துளி நம் பல்கலைக்கழகங்களின் மண் காந்த அளவீட்டுக்குப் போனால், கண்ணிவெடி தேடுவோருக்கும் பயன்படும்.

நிலத்தடித் தாதுக்கள் மாநில அரசுக்குச் சொந்தம்; தோட்ட மேனேஜர் தலையசைத்தால் மட்டும் போதாது, உரிமம் வேண்டும். வாங்கும் முன், தங்கத்துக்குப் பதிலாகத் தூண்டில் ஈயக்குண்டு ஒன்றைத் தட்டையாக்கி, நீங்கள் தேடப்போகிற அதே மண்ணில் 5, 10, 15 செண்டிமீட்டரில் புதைத்து, கடைக்காரரின் கருவியை அதன்மேல் ஓட்டச் சொல்லுங்கள். காற்றில் காசைக் காட்டிச் செய்யும் சோதனைக்கு ஒரு மதிப்பும் இல்லை.