தேத்தாந்த்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க முன்னாள் அதிபர் நிக்சனின் சோவியத் கொள்கை சரியா தவறா என்ற வாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அந்தக் கொள்கையின் பெயர் தேத்தாந்த் (détente). பிரெஞ்சுச் சொல், ஆங்கிலம் அப்படியே எடுத்துக்கொண்டது. எழுத்தைப் பார்த்து ‘டெடாண்டே’ என்று படிப்பவர்கள் உண்டு. கடைசி எழுத்துக்கு ஒலி கிடையாது.

வில்லில் பிறந்த சொல் இது. இழுத்துக் கட்டிய நாணைத் தளர்த்துவதற்குப் பழைய பிரெஞ்சில் இருந்த வினைதான் வேர். இன்றைய பிரெஞ்சில் துப்பாக்கி விசைக்கும் இதே பெயர். ஓய்வுக்கும் இதே பெயர். இரு நாடுகளுக்கிடையே இறுக்கம் குறைவதைச் சொல்லும் பொருள் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவலாயிற்று. ரஷ்யர்கள் ‘ரஸ்ரியாத்கா’ என்றார்கள். தோட்டாவை வெளியே எடுப்பதற்கும் மின்னிறக்கத்துக்கும் அதே சொல். நாண் தளர்ந்தாலும் சரி, தோட்டாவை எடுத்தாலும் சரி, ஆயுதம் கையில்தான் இருக்கிறது.

தமிழில் இதை ‘நட்புறவு’, ‘சமாதானம்’ என்று எழுதினால் விவாதமே கோணிப்போகும். நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிசிங்கரும் சோவியத் ஒன்றியத்தை நண்பனாக்கப் புறப்படவில்லை. பகை இருக்கும், போட்டியும் இருக்கும், அது அணுப்போராக முற்றாமல் கட்டுக்குள் வைப்போம் என்பதே கணக்கு. 1972 மே 26 அன்று மாஸ்கோவில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட, ஏவுகணைகள் பற்றிய இடைக்கால உடன்பாட்டைப் பார்த்தாலே புரியும். ஏவுகணைகளின் மொத்த எண்ணிக்கையை அது குறைக்கவில்லை. தரையிலிருந்து ஏவும் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் அமெரிக்காவுக்கு 1,054, சோவியத்துக்கு 1,618 என்று ஐந்தாண்டுக்கு உறைய வைத்தார்கள், அவ்வளவே. அடுத்த ஆண்டு அக்டோபரில், அரபு-இஸ்ரேல் போரின்போது, அமெரிக்கா தன் படைகளை உலகெங்கும் உஷார் நிலையில் நிறுத்தியது. தேத்தாந்த் உச்சத்தில் இருந்த காலம்தான் அது.

எதிர்ப்பாளர்கள் பிடித்துக்கொண்டது அந்த 1,618ஐ. செனட்டர் ஹென்றி ஜாக்சன், இனி வரும் உடன்பாடுகளில் சமநிலை வேண்டும் என்று தீர்மானமே கொண்டுவந்தார். ஆதரவாளர்களின் பதில்: குண்டுவீச்சு விமானங்கள் இந்தக் கணக்கில் வரவில்லை, ஒரே ஏவுகணையில் பல அணுகுண்டுகளைப் பொருத்தும் நுட்பத்திலும் அமெரிக்கா அப்போது முந்தியிருந்தது. பதில் அன்றைக்குச் சரிதான். ஓட்டை என்னவென்றால், அந்த நுட்பத்துக்கு உடன்பாட்டில் வரம்பே இல்லை. சில ஆண்டுகளில் சோவியத்தும் அதைக் கைக்கொண்டதும், கூடுதல் எண்ணிக்கையும் பெரிய ஏவுகணைகளும் அதற்குச் சாதகமாயின.

கொள்கையின் இன்னொரு கால் வணிகம். அதை முறித்தது, அதே ஜாக்சனும் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் வேனிக்கும் கொண்டுவந்த ஜாக்சன்-வேனிக் சட்டத் திருத்தம். குடிமக்கள் நாட்டைவிட்டு வெளியேறத் தடைபோடும் பொதுவுடைமை நாடுகளுக்கு வரிச்சலுகை கிடையாது என்றது அது. 1975 ஜனவரியில் சட்டமானதும் மாஸ்கோ வணிக உடன்பாட்டையே உதறிவிட்டது. 1973இல் சோவியத்திலிருந்து சுமார் 35,000 யூதர்கள் வெளியேறினார்கள். 1975இல் சுமார் 13,000 பேர்தான். அழுத்தம் கொடுத்தால் கதவு திறக்கும் என்று எதிர்பார்த்தார்கள், பாதிக்கு மேல் மூடிக்கொண்டது. தேத்தாந்தைக் குறை சொல்பவர்கள் இந்த எண்களை ஏனோ எடுப்பதில்லை.

1976 தேர்தலில் ரீகன் உட்கட்சியிலேயே இதைத் தாக்க, நிக்சனுக்குப் பின் வந்த அதிபர் ஃபோர்டு அந்தச் சொல்லையே கைவிட்டு, ‘வலிமையின் வழியே அமைதி’ என்று பேசத் தொடங்கினார். கொள்கை ஓரளவு நீடித்தது. ஆப்கானிஸ்தானுக்குள் 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்ததோடு அதுவும் முடிந்தது.

தமிழில் என்ன எழுதலாம்? ‘பதற்றத் தணிப்பு’ பலரும் எழுதுவது, தவறில்லை. (‘பதட்டம்’ வேண்டாம், பதறு என்பதிலிருந்து வருவது பதற்றம்.) சிக்கல் ஒன்றுண்டு. எல்லையில் மோதல் மூண்டு இரு படைகளும் பின்வாங்கும்போதும் நாளிதழ்கள் இதையேதான் எழுதுகின்றன. அது சில நாள், சில வார வேலை. தேத்தாந்த் ஆண்டுக்கணக்கில் நடத்தும் கொள்கை. ஆகவே ‘இறுக்கத் தளர்வு’ பொருந்தும் என்பது எங்கள் கருத்து. ஊரடங்குத் தளர்வு அறிவித்தபோது ஊரடங்கு முடிந்துவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அதே பொருள் இங்கும் நிற்கும். ‘தாஜா செய்தல்’ என்பது எதிர்ப்பாளர் வைக்கும் குற்றச்சாட்டு, மொழிபெயர்ப்பு அல்ல.

நிக்சன் 1972 பிப்ரவரியில் பெய்ஜிங் போனதை இந்தப் பெயரில் அடைக்க வேண்டாம். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகம் 1930களிலிருந்தே இருந்தது. அங்கே தளர்த்த ஓர் உறவு இருந்தது. மக்கள் சீனத்தை அமெரிக்கா முறைப்படி அங்கீகரித்ததோ 1979 ஜனவரி 1 அன்றுதான். அதற்கு ‘உறவு மீட்பு’ என்று எழுதுவதே சரி.