ரிலே என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது?

போன வருடம் மூலக்கடை பக்கம் ஒரு கடையில் காருக்கு ரெண்டு ஃபாக் லைட் போட்டேன். டாஷ்போர்டில் சும்மா மூடிக் கிடந்த டம்மியைப் பிடுங்கிவிட்டு, கம்பெனி பிட்டிங் மாதிரியே இருக்கிற சுவிட்ச் ஒன்றைச் செருகிக் கொடுத்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு. மூன்றாம் நாள் ராத்திரி எண்ணூர் விரைவுச் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் கருகும் வாடை. அமுக்கிய பட்டன் வெளியே வரவே இல்லை. மறுநாள் வண்ணாரப்பேட்டை எலக்ட்ரீசியன் அண்ணன் சுவிட்சைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ரிலே எங்க தம்பி? நேரா இழுத்து வுட்டுருக்கானுங்க" என்றார்.

55 வாட் பல்பு ரெண்டு என்றால் 110 வாட், 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல். அந்தச் சின்ன சுவிட்ச் எங்கே தாங்கும்? ரிலே என்பது சின்ன மின்னோட்டத்தை வைத்துப் பெரிய மின்னோட்டத்தைச் சேர்த்துப் பிரிக்கிற மின்காந்த சுவிட்ச். நடுவில் அது இருந்தால் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகப் போவது அதன் காயிலுக்கு, அதாவது மின்காந்தக் கம்பிச்சுருளுக்கு, வேண்டிய 0.2 ஆம்பியர் அளவுதான்.

சொல் வந்த கதை இன்னும் சுவை. பழைய பிரெஞ்சு வேட்டைக்காரர்களிடம் பிறந்த சொல் இது. ஓடிக் களைத்த நாய்களுக்குப் பதிலாக ஓட, வழியிலேயே புது நாய்களை விட்டுவைப்பார்கள். வேர்ச்சொல்லுக்கே 'விட்டுவிடு' என்றுதான் பொருள். அப்புறம் தபால் குதிரைகளுக்கு வந்து, அங்கிருந்து தந்திக்குத் தாவியது. 1835-ல் அமெரிக்காவின் ஜோசப் ஹென்றி காட்டிய வழி இதுதான்: நீளக் கம்பியில் ஓடி ஓய்ந்த மின்னோட்டம் கடைசியில் ஒரு மின்காந்தத்தை மட்டும் இழுக்கும், அது அங்கேயே இருக்கிற புது பேட்டரியின் இணைப்பைச் சேர்த்துவிடும். களைத்த குதிரை, புதுக் குதிரை.

தமிழில் 'உணர்த்தி' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் சென்சாரை 'உணரி' என்கிறோமே, ரெண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம். எனக்குப் பிடித்தது 'அஞ்சல்'. டில்லிச் செய்தியை வாங்கி இங்கே ஒலிபரப்புவதை வானொலிக்காரர்கள் அஞ்சல் என்றுதான் சொன்னார்கள், தொடர் ஓட்டத்துக்கும் அஞ்சலோட்டம் என்று பெயர் உண்டு. திருவிதாங்கூரில் 1951 வரை தபாலே அஞ்சல்தான், மணி கட்டிய கோலோடு அஞ்சலோட்டக்காரர் ஓடினார். ரிலேயிலும் சுவிட்சிலிருந்து வரும் மின்சாரம் விளக்குக்குப் போவதே இல்லை, சேதியைச் சொல்லிவிட்டு எர்த்தில் இறங்கிவிடுகிறது. ஒரே சிக்கல், முன்னால் 'மின்' சேர்த்தால் இமெயில் ஆகிவிடும்! அதனால் 'அஞ்சல் விசை' என்று எழுதுகிறேன். கடையில் மட்டும் ரிலே என்றே கேளுங்கள், இல்லாவிட்டால் போஸ்டாபீசுக்கு வழி காட்டுவார்கள்.

அண்ணன் மாட்டிய நாலு கால் ரிலேயில் ஒவ்வொரு காலுக்கும் ஒரு எண். 86 சுவிட்சுக்கு, 85 எர்த்துக்கு, இந்த ரெண்டும் காயிலின் கால்கள். 30-க்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக லைன், 87 விளக்குக்கு. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கணும் என்று ரெண்டு தடவை சொன்னார். பட்டனை அமுக்கி, "டிக்னு கேக்குதா?" என்று காதைக் கொடுத்தார். டிக் கேட்டும் விளக்கு எரியவில்லை என்றால் சேதி போய்விட்டது, அந்தப் பக்கம் புதுக் குதிரை கிளம்பவில்லை. 30, 87, ஃபியூஸ், பல்பு, பல்பின் எர்த் என்று பார்க்க வேண்டும். டிக்கே இல்லையா, பெரும்பாலும் சுவிட்ச் அல்லது 85-ன் எர்த், அபூர்வமாகக் காயிலே போயிருக்கும்.