ஈரக்குலை நடுங்கும்போது

விடியற்காலை மூன்று மணிக்கு அண்ணன் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். ஒரு கையில் கைப்பேசி, மறு கை வலது விலாவுக்குக் கீழே. அண்ணி எழுந்து வந்து என்னவென்று கேட்டதற்கு, "இங்க கெட்டியா ஒண்ணு தட்டுப்படுது, தொட்டுப் பாரு" என்றாராம். அண்ணி தொட்டுப் பார்த்தார். தட்டுப்பட்டது விலா எலும்பு.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார் அண்ணன். வயது 52. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவு கொஞ்சம் ஏறியிருந்ததால் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அறிக்கையில் இரண்டு விஷயங்கள் இருந்தன. கல்லீரலில் கொழுப்பு, 'கிரேட் 2'. அப்புறம் வலது பக்கத்தில் 1.4 சென்டிமீட்டர் அளவில் வெளிச்சமான ஒரு புள்ளி. ரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும். டாக்டர் இரண்டு நிமிடம் பேசினார். "கொழுப்பைக் குறைங்க" என்றார். அதற்குள் அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அண்ணன் ஒரு சொட்டு குடித்தவர் இல்லை. ஆனால் நாங்கள் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்கள். இரண்டு வீடு தள்ளி இருந்த ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் சம்சு குடித்துக் குடித்து, வயிறு பானைபோல் வீங்கி, கண் மஞ்சளாகிப் போய்ச் சேர்ந்ததை சிறு வயதில் பார்த்திருக்கிறோம். "ஈரல் கெட்டுப்போச்சு" என்று பெரியவர்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. எங்களுக்கு ஈரல் நோய் என்றால் அந்த ஒரு முகம்தான். 'கல்லீரல்' என்று காகிதத்தில் பார்த்ததும் அண்ணனுக்கு நினைவு வந்தது அந்த முகம்தான் என்று பிறகு சொன்னார்.

முதலில் அந்த ஸ்கேன் படத்தைப் புரிந்துகொள்வோம். பயத்தில் பாதி அந்தப் படத்தைத் தப்பாகப் படிப்பதால் வருவது.

வயிற்று ஸ்கேனில் கதிர்வீச்சு கிடையாது, வெறும் ஒலிதான். மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். ஸ்கேன் கருவி வினாடிக்கு ஏறத்தாழ 20 முதல் 50 லட்சம் அதிர்வுள்ள ஒலியை உடம்புக்குள் அனுப்புகிறது. மின்சாரம் பாய்ந்தால் அதிர்ந்து, அதிர்வு பட்டால் மின்சாரம் தருகிற பொருள் ஒன்று கருவியின் முனையில் இருக்கிறது. இந்தக் குணத்தை 1880இல் பியேர் கியூரியும் அவர் அண்ணன் ஜாக் கியூரியும் படிகங்களில் கண்டுபிடித்தார்கள். காற்றில் பட்டால் ஒலி அப்படியே திரும்பிவிடும். அதனால்தான் தோலுக்கும் கருவிக்கும் நடுவில் அந்தக் குளிர்ந்த களிம்பைத் தடவுகிறார்கள். உள்ளே போகும் ஒலி வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் ஓடி, திசு மாறும் இடங்களில் எதிரொலித்துத் திரும்புகிறது. பலமான எதிரொலி வெள்ளையாகவும் பலவீனமானது கறுப்பாகவும் திரையில் விழும். ஆக, அது எதிரொலிகளால் வரைந்த படம்.

கொழுப்பு ஏறிய ஈரல் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது? அண்ணனுக்கு இதை அவர் லோரியை வைத்தே சொன்னேன். அதிகாலையில் செம்பனை மரங்களுக்கு நடுவே பனிமூட்டம் இறங்கியிருக்கும்போது ஹைபீம் லைட்டைப் போட்டால் என்ன ஆகும்? முன்னால் இருப்பதெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆகும், தூரத்துப் பாதை இருட்டாகிவிடும். ஈரல் செல்களுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளும் ஒலியை அப்படித்தான் சிதறடிக்கின்றன. மேல் பக்கம் பளிச்சென்று தெரியும், ஆழத்தில் மங்கும். பக்கத்தில் இருக்கும் வலது சிறுநீரகத்தோடு ஒப்பிட்டு, இது எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடுகிறார்கள். கிரேட் 1, 2, 3 என்பதெல்லாம் இந்த வெளுப்பின் அளவு.

இந்த இடத்தில்தான் அண்ணன் சறுக்கியிருந்தார். 'கிரேட் 2' என்பதை 'புற்றுநோய் இரண்டாம் கட்டம்' என்பதுபோல் எடுத்துக்கொண்டு மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு கனக்கிறது. ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது: ஐயா, இது கொழுப்பின் அளவு, வேறொன்றும் இல்லை.

உலகில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் மூன்று பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு இருக்கிறது. மலேசியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் உடல் எடை கூடுதல் என்று சுகாதார அமைச்சின் 2023 ஆய்வு சொல்கிறது. நம்மைப் போன்ற தெற்காசிய வம்சாவளியினருக்கு, பார்வைக்குப் பெரிய தொப்பை இல்லாவிட்டாலும் உள்ளுறுப்புகளில் கொழுப்பு சேரும். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். அதனால்தான் 2023இல் மருத்துவர்கள் இந்த நோயின் பெயரையே மாற்றி, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்து வரும் கொழுப்பு ஈரல் என்று பொருள்படும்படி வைத்தார்கள். பழைய பெயரில் மதுவைக் குறிக்கும் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த 1.4 சென்டிமீட்டர் புள்ளி? ஈரலில் வரும் தீங்கற்ற கட்டிகளில் மிகச் சாதாரணமானது ரத்தக்குழாய்க் கட்டி. நுண்ணிய ரத்தக்குழாய்கள் பஞ்சுபோல் ஒரு முடிச்சாகச் சேர்ந்திருக்கும். பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றும் செய்யாது. ஸ்கேன் எடுக்காதவரை இருப்பதே தெரியாது. மறுபடி பார்க்கச் சொல்வது அது வளராமல் அப்படியே இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள.

கவலைப்படவேண்டிய கேள்வி வேறு: கொழுப்பு ஈரலில் தழும்பு ஏறியிருக்கிறதா? சாதாரண ஸ்கேன் அதை ஆரம்பக் கட்டத்தில் சரியாகக் காட்டாது. அதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு, பெயர் ஃபிப்-4. வயதையும் ரத்தத்தில் ஏஎஸ்டி என்ற ஈரல் நொதியின் அளவையும் பெருக்கி, அதை ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையும் ஏஎல்டி என்ற இன்னொரு ஈரல் நொதியின் வர்க்கமூலமும் சேர்ந்த பெருக்கத்தால் வகுக்கவேண்டும். அண்ணனுக்கு வயது 52, ஏஎஸ்டி 38, ஏஎல்டி 55, தட்டணு 250. கணக்குப் போட்டால் 1.07 வருகிறது. 1.3க்குக் கீழே என்றால் கனமான தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. அறுபத்தைந்துக்கு மேல் அந்த எல்லை 2.0. அளவு கூடியிருந்தால் ஈரலின் விறைப்பை அளக்கும் சோதனைக்கு அனுப்புவார்கள். கருவி விலாவின்மேல் மெல்லத் தட்டும். அந்த அதிர்வு விறைத்த ஈரலில் வேகமாக ஓடும், மென்மையான ஈரலில் மெதுவாக ஓடும். இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: ஹெபடைடிஸ் பி சோதனை. பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் அந்தத் தடுப்பூசி நம் நாட்டில் 1989இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த விளக்கத்தையெல்லாம் கேட்டு அண்ணன் தலையாட்டினார். "சரி தம்பி, புரியுது" என்றார். அன்று ராத்திரி மறுபடியும் மூன்று மணிக்கு எழுந்தார்.

புரிந்த பிறகும் பயம் ஏன் போவதில்லை? பயத்துக்கும் ஓர் இயந்திரம் இருக்கிறது. அது தனியாக ஓடுகிறது.

நம் மொழி இதை எப்போதோ சொல்லிவிட்டது. பயந்தால் 'ஈரக்குலை நடுங்குது' என்கிறோம். மலாய்க்காரர்கள் ஈரலுக்கு 'ஹாத்தி' என்பார்கள். மனசுக்கும் அதே சொல்தான். கவலை என்றால் 'சூசா ஹாத்தி'. கிரேக்கர்களோ விலாக் குருத்தெலும்புக்குக் கீழே உள்ள இடத்தை 'ஹைப்போகாண்ட்ரியா' என்றார்கள். இல்லாத நோயை நினைத்துப் பயப்படுவதற்குப் பிற்காலத்தில் அதே பெயர் வந்தது. மருத்துவப் புத்தகங்களில் ஈரல் இருக்கும் அந்த இடத்துக்கு இன்றும் அந்தப் பெயர்தான். அண்ணன் கை வைத்துக்கொண்டு நின்றது சரியாக அங்கேதான்.

பயம் வந்தால் மூளையின் அமிக்டலா என்ற பகுதி மணியடிக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. அட்ரினலின் ஈரலிடம், சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் விடு என்கிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது; வயிறு உப்புகிறது, குமட்டுகிறது, பசி போகிறது. இவை எல்லாமே இணையத்தில் 'ஈரல் நோயின் அறிகுறிகள்' பட்டியலிலும் இருக்கின்றன. பயம் உண்டாக்கிய வயிற்றுக் கோளாறை அண்ணன் நோயின் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

அடுத்தது கவனம். இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் இடது கால் கட்டைவிரலை நினைத்துப் பாருங்கள். செருப்போ தரையோ படுவது தெரிகிறதல்லவா? ஒரு நொடிக்கு முன்பும் அது பட்டுக்கொண்டுதான் இருந்தது. மூளை கவனத்தைத் திருப்பிய இடத்தில் உணர்ச்சியின் சத்தம் கூடும். நாள் முழுதும் வலது விலாவையே கவனித்தால் அங்கே ஏதாவது குத்தத்தான் செய்யும். ஈரலின் உள்ளே வலியை உணரும் நரம்பு கிடையாது; அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறைக்கு மட்டும்தான் உண்டு. அங்கங்கே சுருக்கென்று குத்துவது பெரும்பாலும் தசையும் வாயுவும்தான். அதோடு அண்ணன் அந்த இடத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்ததில் சதை கன்றிப்போயிருந்தது. வலி நிஜம்தான். அதை உண்டாக்கியது அவருடைய விரல்.

பால்வெட்டுக்காரரின் முகம் நினைவுக்கு வருகிறது, விலாவைத் தொட்டுப் பார்க்கிறார், கூகளில் தேடுகிறார், அண்ணியிடம் 'ஒன்றும் இல்லைதானே' என்று கேட்கிறார். பத்து நிமிடம் நிம்மதி. பிறகு 'ஒருவேளை சரியாகப் பார்க்கவில்லையோ' என்று தொடங்குகிறது. 1986இலேயே ஹிலரி வார்விக், பால் சால்கோவ்ஸ்கிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கவனித்து எழுதினார்கள்: ஆறுதல் தேடுவதுதான் இந்த நோய்ப் பதற்றத்துக்குத் தீனி. தேடினால் பதற்றம் கொஞ்சம் தணிகிறது. தணிந்ததால் மூளை அடுத்த முறையும் தேடச் சொல்கிறது.

எனவே செய்யவேண்டியது இதுதான் என்று நான் நினைக்கிறேன்: ஆறுதலை அளந்து கொடுப்பது. அண்ணனுக்கு டாக்டரிடம் கேட்க மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். தழும்பு இருக்கிறதா, புள்ளியை எப்போது மறுபடி பார்க்கவேண்டும், எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும். ஒரு ரிங்கிட் கட்டணம் கட்டி அரசாங்க கிளினிக்கில் மூன்றுக்கும் பதில் வாங்கிவந்தார். கண் மஞ்சளானால், ரத்த வாந்தி எடுத்தால், மலம் தார்போல் கறுத்தால், வயிறு வீங்கினால், காரணமில்லாமல் எடை இறங்கினால் அன்றே போகவேண்டும். மற்றதெல்லாம் தேதி வரும்வரை காத்திருக்கலாம். மறு ஸ்கேன் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்தோம். அதற்கு முன் தேடுவதில்லை என்று பேச்சு.

தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை ஒரே நாளில் விடச் சொல்லவில்லை. மளிகைக்கடையில் கடன் எழுதும் அந்தச் சின்ன 555 புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். விலாவைத் தொடும்போதெல்லாம் ஒரு கோடு. முதல் நாள் 31 கோடு. அவருக்கே ஆச்சரியம். அப்புறம் ஒரு விதி: தொடவேண்டும் என்று தோன்றினால் பதினைந்து நிமிடம் தள்ளிப்போடு. அலைபோல் ஏறுகிற பதற்றம், தொடாவிட்டாலும் தானே இறங்குகிறது என்பதை உடம்பு அனுபவித்துத்தான் கற்றுக்கொள்ளும். சொல்லிப் புரியவைக்க முடியாது. எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துத் திருத்தும் இந்த வகைச் சிகிச்சையை இங்கிலாந்து மருத்துவமனைகளில் 444 நோயாளிகளிடம் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள்; இரண்டு ஆண்டுக்குப் பிறகும் பதற்றம் குறைந்தே இருந்தது. வாரக்கணக்கில் தூக்கமும் வேலையும் கெட்டால் கிளினிக் டாக்டரிடமே மனநல உதவியைக் கேளுங்கள், அல்லது சுகாதார அமைச்சின் 15555 எண்ணை அழையுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

பதற்றத்தோடு கொழுப்பையும் கவனிக்கவேண்டுமே. எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே ஈரல் கொழுப்பு இறங்கத் தொடங்கும். ஏழிலிருந்து பத்து குறைந்தால் வீக்கமும் தணியும். அண்ணன் 84 கிலோ. ஆறு கிலோ குறைத்தால் ஏழு சதவீதம் ஆகிவிடும். அதையும் அவசரமாக இல்லாமல் மாதக்கணக்கில் குறைப்பதே ஈரலுக்கு நல்லது. தினமும் நான்கு தே தாரிக் குடித்தவர் இப்போது பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங் குடிக்கிறார்; காப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. மாலையில் பள்ளித் திடலைச் சுற்றி நடக்கிறார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒருவர் 'ஈரலைக் கழுவும்' மாத்திரை கொடுத்தார். வாங்கவேண்டாம் என்று தடுத்துவிட்டேன். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மூலிகை மாத்திரைகள் ஈரலையே புண்ணாக்கிய கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய.

ஆறு மாதம் கழித்து மறு ஸ்கேன். புள்ளி அதே 1.4. எடை 79. கொழுப்பு கிரேட் 1. காரில் வரும்போது காகிதத்தை ஒருமுறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். இன்னும் சில இரவுகளில் எழுகிறார் என்று அண்ணி சொல்கிறார். 555 புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அந்த வாரம் முழுவதுக்கும் நான்கு கோடுகள்.