செயற்கை நுண்ணறிவு: இதுல ‘செயற்கை’ன்னா போலின்னு அர்த்தமா?

போன வாரம் அத்தை பேப்பர் படிச்சிட்டு இருந்தாங்க, அதுல பெரிய எழுத்துல செயற்கை நுண்ணறிவுன்னு போட்டிருந்தது, இங்கிலீஷ்ல ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ், சுருக்கமா ஏஐ. “ஏன்டா, செயற்கைன்னா டூப்ளிகேட்டுதானே, அப்ப இது பொய் அறிவா?”ன்னு கேட்டாங்க. பிளாஸ்டிக் பூவை செயற்கைப் பூன்னு சொல்றோம், மிட்டாய் பாக்கெட்டுல செயற்கை நிறமின்னு போட்டிருக்கு, அதனால அப்படித் தோணுறது நியாயம்தான். ஆனா செயற்கைக்கோளை யாரும் பொய்க்கோள்னு நினைக்கிறதில்ல, அது நிஜமாவே பூமியைச் சுத்துது. செயற்கைக் கால் மாட்டினவர் நிஜமாவே நடக்கிறார்.

சொல்லைப் பிரிச்சா உள்ள இருக்கிறது ‘செய்’. இயல்ங்கிறதுல இருந்து இயற்கை, செயல்ங்கிறதுல இருந்து செயற்கை. தானா அமைஞ்சது ஒண்ணு, செஞ்சு உண்டானது இன்னொண்ணு, உண்மை பொய்ங்கிற பேச்சே அதுல கிடையாது. தொல்காப்பியத்துலயே இந்த ரெண்டையும் எப்படிப் பேசணும்னு விதி இருக்கு. இயற்கைப் பொருளை இப்படி இருக்குன்னு நேராச் சொல்லணுமாம், “தீ வெய்து” மாதிரி. ஆனா “செயற்கைப் பொருளை ஆக்கமொடு கூறல்”, அதாவது ‘ஆச்சு’ங்கிற சொல்லைச் சேர்த்துச் சொல்லணும். அடுத்த நூற்பா இன்னும் ஒரு படி மேல போகுது, “ஆக்கந் தானே காரண முதற்றே”, எதனால அப்படி ஆச்சுங்கிற காரணம் முன்னாடி வரணும். உரைகாரங்க காட்டுற உதாரணம், எரு போட்டு களை எடுத்து தண்ணி பாய்ச்சினதால பயிர் நல்லா ஆச்சுங்கிறது.

இந்த விதியை வச்சு ஏஐயைப் பாருங்க, அடிப்படை மொத்தமும் புரிஞ்சிடும். கையால எழுதின எண்களைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டுறதுக்கு எம்னிஸ்ட்னு ஒரு பிரபலமான தொகுப்பு இருக்கு, அதுல பயிற்சிக்கு 60,000 படம், சோதிக்க 10,000 படம். ஒவ்வொரு படமும் 28க்கு 28, மொத்தம் 784 புள்ளி, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கருப்பு எவ்வளவு வெளுப்புங்கிறதுக்கு 0ல இருந்து 255 வரைக்கும் ஒரு எண். 7னா மேல ஒரு கோடு, பக்கத்துல ஒரு சாய்வுன்னு யாரும் அதுக்கு விதி எழுதித் தர்றதில்ல. படத்தைக் காட்டுவோம், கம்ப்யூட்டர் 1னு சொல்லும், சரியான விடை 7ன்னு காட்டினதும் எவ்வளவு தப்புன்னு கணக்குப் போட்டு, படத்தோட எண்களை இல்ல, தன்னோட கணக்குமுறைக்குள்ள இருக்கிற எண்களை ஒரு துளி மாத்தும், அடுத்த படம், மறுபடியும் ஒரு துளி, இப்படியே பல்லாயிரம் தடவை. கடைசியில இதுவரை பாக்காத ஒருத்தர் கையெழுத்துல 7 வந்தாலும் கண்டுபிடிக்குது. இதைத்தான் இயந்திரக் கற்றல்னு சொல்றோம். 60,000 படம் காட்டித் திருத்தினதால 7ஐ அறிய வல்லதாச்சு, காரணமும் இருக்கு ஆக்கமும் இருக்கு.

அந்தப் படங்களுக்குப் பேரு தரவு, அதாவது டேட்டா. எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் இது. டேட்டாவோட லத்தீன் மூலத்துக்கு ‘கொடுக்கப்பட்டவை’ன்னு பொருள், நம்ம தரவும் ‘தா, தரு’ங்கிற கொடுக்கிற வேர்ல இருந்துதான் வருது. கலிப்பாங்கிற செய்யுள் வகையைப் படிச்சவங்களுக்கு இது பழைய சொல், தரவு, தாழிசை, தனிச்சொல், சுரிதகம்னு பாட்டோட முதல் உறுப்பே தரவுதான்.

சரி, நுண்ணறிவு? அறிவுன்னு மட்டும் வச்சா தெரிஞ்சு வச்சிருக்கிறதும் அதுலயே அடங்கிடும், அகராதிக்குள்ள எவ்வளவோ தகவல் இருக்கு, அதுக்காக அகராதியை யாரும் புத்திசாலின்னு சொல்றதில்ல. இன்டெலிஜென்ஸ்ங்கிற சொல்லோட லத்தீன் வேருக்கு பலதுக்கு நடுவுல பொறுக்கி எடுக்கிறதுன்னு அர்த்தம், அதனால நுண்ங்கிற அடை நல்லாவே பொருந்துது. உளவியல் பாடத்துல ஐக்யூவை நுண்ணறிவு ஈவுன்னுதான் சொல்லுவாங்க. ஆங்கிலப் பேரை வச்சவர் கணினி விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தி, அமெரிக்காவுல டார்ட்மவுத் கல்லூரியில 1956 கோடையில ஒரு ஆய்வுக்கூட்டம் நடத்துறதுக்காக அவரும் மின்ஸ்கி, ரோசெஸ்டர், ஷானன் மூணு பேரும் 1955ல எழுதின திட்டத்துல அந்தப் பேர் வந்துச்சு.

இப்போ செய்யறிவுன்னும் சிலர் எழுதுறாங்க. ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, செஞ்ச அறிவு, செய்யுற அறிவு, செய்யப்போற அறிவு மூணும் ஒரே சொல்லுக்குள்ள வந்துடுது, வாயில சுலபமா வருது, தலைப்புலயும் இடம் அடைக்காது. பேச்சுக்கு நான் இதைத்தான் எடுத்துப்பேன். பாடப்புத்தகம், அறிக்கை மாதிரி இடத்துல செயற்கை நுண்ணறிவே இருக்கட்டும், ஏற்கனவே ஊன்றின சொல்லைப் பிடுங்கி நட வேண்டாம். எழுதும்போது ஒண்ணு மட்டும் கவனிங்க, செயற்கைக்கோள்ல நடுவுல க் வர்ற மாதிரி செயற்கை நுண்ணறிவுக்கு நடுவுல ஒற்று எதுவும் வராது, ஆனா செய்யறிவுல ய் இரட்டிக்கும், செயறிவுன்னு எழுதினா தப்பு.